காலரைத் திருப்பிப் பார்ப்பவர்

ஈரச் சட்டையின் காலரை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கமாக மடக்கி, உள்ளே தைத்திருக்கும் லேபிளைத் தங்கபுஷ்பம் வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் காலரை நிமிர்த்தி, முன்பு அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே சாய்த்துவிட்டு அடுத்த சட்டைக்கு நகர்கிறார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கிறது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் அவருக்கு அது வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே கொடி கொடியாகத் தொங்கும் துணிகளுக்கு நடுவே குனிந்தும் நிமிர்ந்தும் அவர் போவது, காய்ச்சல் வார்டில் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுக்கொண்டு போகும் நர்ஸை நினைவூட்டும்.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் துணி காயாது. பேரருவியில் குளித்தவர்கள் கொண்டுவந்து போட்ட சட்டை, மறுநாள் அவர்கள் ஐந்தருவிக்குக் கிளம்பும்போதும் அப்படியே சொட்டிக்கொண்டிருக்கும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் மணிமுத்து லாட்ஜின் மொட்டைமாடியில் தமிழ்நாட்டின் பாதிச் சட்டைகள் தொங்குகின்றனவோ என்று தோன்றும். அந்த மாடியின் ஓரத்து அறையில் நான் மாத வாடகைக்கு இருக்கிறேன். தென்காசியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அருவிக்கு அருகில் குடியிருக்கிறேன் என்று ஊரில் எல்லாரும் பொறாமைப்படுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எனக்குத் தெரிவது அடுத்தவர் சட்டை.

ஒருநாள் ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் இந்தக் காலர் வாசிப்பைப் பார்த்துவிட்டார்.

"அது எங்க வீட்டுக்காரரு பனியன். அதுக்குள்ள என்ன தேடுதீங்க?"

"எங்க தச்சதுன்னு பாக்கேன் மதினி."

"எங்க தச்சா ஒங்களுக்கென்ன?"

"எல்லாம் திருப்பூருதான்," என்று தங்கபுஷ்பம் நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார். "இந்தா, இந்தச் செவப்பு ஒங்க கூட்டம். 'எங்களைப் போல் யாரும் இல்லை'ன்னு முதுகுல எழுதியிருக்கு. அந்த நீலம் அருப்புக்கோட்டைக் கூட்டம். அதுலயும் அதேதான் எழுதியிருக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி. வந்து பாருங்களேன்."

அந்தப் பெண்மணி வந்து பார்த்தார். பிறகு வீட்டுக்காரரின் பனியனைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு கீழே போய்விட்டார்.

சாயங்காலம் தம்பி சுடலைராஜ் போனை நீட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். லாட்ஜின் சாவிகளும் கவலைகளும் அவர் பொறுப்பு.

"யக்கா, ரிவ்யூல என்ன போட்டிருக்காவன்னு கேளு. 'ரூம் சுத்தம். சாப்பாடு நல்லா இருக்கு. ஓனர் அக்கா துணிய மோந்து பாக்காங்க.' மூணு ஸ்டாரு!"

"மோந்தா பாக்கேன்? வாசிக்கேன்லே."

"அதையும் நீயே ரிப்ளைல எழுதிப் போட்ரு."

லாட்ஜ் அவர்களுடைய அப்பா கட்டியது. சீசன் மாதங்களில் வரவேற்பு மேசையில் உட்காரும் தங்கபுஷ்பம், மற்ற மாதங்களில் ஆலங்குளம் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டிய வயது. வெளுத்த பருத்திச் சேலை, அப்பாவுடைய பெரிய வாட்ச், யாரையோ கண்டிக்கப் போகிறவரைப் போன்ற புருவம். அந்தப் புருவத்துக்குச் சற்றும் பொருந்தாத சிரிப்பு ஒன்று அவரிடம் உண்டு. மேசையில் கிளம்பினால் மாடிவரை ஏறி வரும்.

ஒன்பது வருடமாக அவர் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர். எடுத்துக்கொண்ட பொருள் பாசிசம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது இத்தாலி, ஜெர்மனி என்று இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். தங்கபுஷ்பத்திடம் அது சட்டை சட்டையாக நீண்டுகொண்டே போகிறது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இத்தாலியில் கறுப்பு, ஜெர்மனியில் பழுப்பு, அயர்லாந்திலும் போர்ச்சுகலிலும் நீலம், பிரேசிலிலும் ருமேனியாவிலும் பச்சை, மெக்சிகோவில் பொன்னிறம், அமெரிக்காவில் வெள்ளி, தென்னாப்பிரிக்காவில் சாம்பல். ஒவ்வொரு கூட்டமும் என் நாடு, என் ரத்தம், என் மண் என்றது. வெளியாள் வாடையே ஆகாது என்றது. அப்படிச் சொல்வதற்கு வேண்டிய சட்டை, கை தூக்கும் முறை, அணிவகுப்பு, சத்தம் போடும் விதம் எல்லாவற்றையும் வெளியாளிடமிருந்தே வாங்கிக்கொண்டது. யார், யாரிடமிருந்து, எதை, எந்த வழியாக வாங்கினார்கள் என்பதே அவருடைய ஆய்வு.

"எங்களமாதிரி ஒலகத்துலயே கெடையாதுன்னு சொல்லுதாவ. அத எப்பிடிச் சொல்லணும்னு மட்டும் பக்கத்து நாட்டுக்காரன்ட்ட போய்க் கேட்டுட்டு வருதாவ. அத நெனச்சாத்தான் தம்பி எனக்குச் சிரிப்பு. சிரிச்சு முடிச்சப்புறம் கொஞ்சம் பயமா இருக்கும். திரும்ப வேலையப் பாக்கப் போயிருவேன்."

லாட்ஜ் நடத்துகிறவருடைய கண் அவருக்கு ஆராய்ச்சியிலும் உண்டு. 1934 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரே என்ற ஏரிக்கரை ஊரில், ஐரோப்பாவின் பல நாட்டுப் பாசிச இயக்கத்தார் ஒரு மாநாடு கூடினார்கள். தங்கபுஷ்பத்துக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அது. "நீயே சொல்லு. எங்க நாடுதான் ஒசத்தின்னு சொல்லுதவன் எல்லாரும் ஒரே ஊருக்கு வந்து ரூம் போட்டிருக்கான். டிசம்பர், ஆஃப் சீசன், ரூமு ஈசியாக் கெடச்சிருக்கும். ஏரி தெரியுத ரூம் யாருக்குன்னு அடிதடி நடந்திருக்கும்லா? அதப் பத்தி எவனும் எழுதி வைக்கல, பாரு." நிஜமாகவே அங்கே நடந்த சண்டை வேறு. யூதர்களைப் பகைப்பதா வேண்டாமா, எவ்வளவு பகைப்பது என்பதில் அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. அந்தப் பகுதி வரும்போது மட்டும் அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொள்வார். குரலும் இறங்கிவிடும்.

லிஸ்பன், ரியோ, டப்ளின் என்று ஆவணக் காப்பகங்களுக்கெல்லாம் அவர் குற்றாலத்தில் இருந்துகொண்டே மின்னஞ்சல் எழுதுகிறார். பழைய பத்திரிகையின் பக்கங்களை யாராவது அனுப்பிவைத்தால், நன்றியுடன் பேரருவியில் வெள்ளம் விழும் படம் ஒன்றைச் சேர்த்து அனுப்புவது அவர் வழக்கம். லிஸ்பன் நூலகர் ஒருவர் ஆய்வைப் பற்றி ஒன்றும் கேட்காமல், இரண்டு பேர் தங்க அறை வாடகை எவ்வளவு என்று பதில் போட்டார். சுடலைராஜுக்கு அன்றுதான் அக்காவின் படிப்பில் முதன்முதலாக அக்கறை வந்தது. போர்ச்சுகீசியம் தங்கபுஷ்பம் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. விரிப்புகளை மடிக்கும்போது வினைச்சொற்களை முணுமுணுப்பார். சமையல் செய்யும் மாடன் அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு, "எங்க மொதலாளியம்மாவுக்கு மந்திரம் தெரியும்" என்று காய்கறிக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறார். அதற்குப் பிறகு கத்தரிக்காயில் சொத்தை வருவதில்லை.

ஒருமுறை தங்கபுஷ்பம் எனக்கு ஊர்வலப் படம் ஒன்றைக் காட்டினார். "கறுப்பு வெள்ளை போட்டோல எல்லாச் சட்டையும் சாம்பல்தான் தம்பி. கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சாத்தான் பச்சையா, நீலமான்னு தெரியும்." நான் அப்போது படித்துக்கொண்டிருந்த கவிதைத் தொகுப்பை மூடி வைத்துவிட்டேன். அதில் அவ்வளவு நல்ல வரி வந்திருக்கவில்லை.

சனி, ஞாயிறுகளில் தென்காசியிலிருந்து ஜாஹிரா பீவி வந்துவிடுவார். பள்ளி ஆசிரியை, தங்கபுஷ்பத்துடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அப்படி அவர் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கிய அத்தனை பேரும் மஞ்சள் பனியன், முதுகில் சிங்கம். சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் விசாரணையைத் தொடங்கினார்.

"மஞ்சள யாரு தம்பி எடுத்தது?"

தாடி வைத்த ஒருவர் முன்னால் வந்தார். "நான்தாங்க்கா."

"ஏன் மஞ்ச?"

"பக்கத்துத் தெருப் பயலுவ போன வருசம் பச்சை போட்டு வந்தானுவ. அவனுவள மாதிரி நாங்க போடுவோமா? அதான் மஞ்ச."

"அவங்கள மாதிரி வேண்டாம்னா, பனியனே அடிக்காம வந்திருக்கலாம்லா?"

தாடிக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெப்பிடிக்கா? அவனுவ போட்டிருக்கானுவள்லா?"

தங்கபுஷ்பம் சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது. கூட்டம் மாடி ஏறியதும் ஜாஹிரா பீவி மெல்லக் கேட்டார்.

"ஏட்டி, இவியளும் ஒன் கேஸாட்டி?"

"போட்டீ. அந்தப் புள்ளைய குளிக்க வந்திருக்கு. பனியன் போட்டவனையெல்லாம் அதுல சேத்தேன்னா கைடு என் தீசிஸக் கிழிச்சு அருவில விட்ருவாரு."

"அப்ப என்னதான் வித்தியாசம்?"

"இவிய திங்கக்கெழம பனியனக் கழத்திருவாவ."

ஆடியில் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்து வந்தது. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. அவர் வேலை செய்யும் கல்லூரியில் ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது; நேர்காணல் ஆவணியில். பட்டத்தோடு போனால் அவருக்குத்தான். தேர்வாளர் "திருத்தி எழுதிக்கொண்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். வரப்போகிற புறத்தேர்வாளர் கேரளத்துப் பேராசிரியர். போன மாதம்தான் ஓர் ஆய்வாளரை, அவர் வாங்கிக்கொடுத்த கேசரியைச் சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் திருப்பி அனுப்பினார் என்று கல்லூரியில் பேச்சு.

வாய்மொழித் தேர்வு என்பது இங்கே ஒரு சின்னக் கல்யாணம். வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு ஆய்வாளருடையது. தேர்வு பொதுவில் நடப்பதால் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். யாருமே கேட்காவிட்டால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது. யாராவது ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால் அதைவிட மோசம். அதனால் வேண்டியவர்களிடம் முன்கூட்டியே கேள்வியைக் கொடுத்துவைப்பது எல்லா ஆய்வாளர்களும் செய்கிற காரியம். தேர்வாளர்களுக்கும் இது தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் கொடுத்துவைத்தவர்கள்தானே.

தரவுகளை எங்கிருந்து திரட்டினீர்கள் என்ற கேள்வி ஜாஹிரா பீவிக்கு. மாநாட்டைப் பற்றிய கேள்வி உடன் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியருக்கு. சுடலைராஜுக்குக் கிடைத்தது, இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன் என்பது.

"என்னக்கா பயன்?"

"அதாம்லே கேள்வி."

"கேள்வி வெளங்குது. நெசமாவே கேக்கேன்."

தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம். தங்கபுஷ்பம் மொட்டைமாடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "சரி சார், சரி சார், ரொம்ப சந்தோசம் சார்" என்ற குரல் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. போனை வைத்தார். பக்கத்தில் தொங்கிய சட்டையின் காலரைத் திருப்பினார், வாசிக்காமலே விட்டுவிட்டார். பிறகு ஈரத் துணிகளைக் கையால் விலக்கிக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, வைவால நீயும் ஒண்ணு கேக்கணும்."

எனக்குக் கூட்டத்தில் எழுந்து நிற்பது என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் தேநீர் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறவன் நான். அதைச் சொன்னேன்.

"ஒத்த வரிதான். கேட்டுட்டு ஒக்காந்துக்கோ," என்று சொல்லிவிட்டுக் கேள்வியைச் சொன்னார். "சட்டை வெளியூர்லேருந்து வந்தது, சரி. அதப் போட்டுக்கிட்ட உடம்பு எந்த ஊரு?"

கேட்டதும் பிடித்துவிட்டது. கவிதை வரி மாதிரி இருந்தது. எழுதித் தாருங்கள் என்றேன்.

"பேப்பரப் பாத்து வாசிச்சா சபை சிரிக்கும். மனசுல வச்சிக்கோ. நாளெல்லாம் வரி வரியா மனப்பாடம் பண்ணுதவன்தான நீ?"

"நீங்க என்ன பதில் சொல்வீங்க அக்கா?"

"அது என் பாடு."

அந்த வாரம் முழுவதும் குளிக்கும்போது சொல்லிப்பார்த்தேன், பஸ்ஸில் சொல்லிப்பார்த்தேன். அதன் சந்தத்தில் மயங்கிக் கிடந்தேனே தவிர, அது எதைக் கேட்கிறது என்று யோசிக்கவில்லை.

தேர்வு நாளன்று அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். செய்வதற்கு வேலை இல்லாமல்போன மதுரைக் கூட்டம் ஒன்று சமையற்கட்டில் வட்டமாக உட்கார்ந்து, புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சம்பழத்தையெல்லாம் பிழிந்து கொடுத்தது. எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்குக் கறி, வடை, கேசரி எல்லாம் வேனில் ஏறின. தென்காசியைத் தாண்டியதும் சாரல் விட்டது. ஆலங்குளம் வருவதற்குள் நல்ல வெயில். காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே தங்கபுஷ்பம் பாடி வந்தார். பாட்டு நன்றாக இல்லை. ஜாஹிரா பீவி வழக்கத்துக்கு மாறாக ஒன்றுமே பேசாமல் வந்தார்.

தேர்வு அரங்கில் முக்கால் மணி நேரம் தங்கபுஷ்பம் படங்களைக் காட்டிப் பேசினார். திரையில் சட்டைகள் வந்து வந்து போயின. புறத்தேர்வாளர், நரைத்த மீசையும் தூக்கக் கண்ணுமாக, தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு கேள்விகள் போட்டார். இரண்டுக்கும் பதில் சரளமாக வந்தது. பிறகு சபையைப் பார்த்து, "யாராவது?" என்றார்.

முதலில் எழுந்தவர் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். பதற்றத்தில் தன் கேள்வியை மறந்து, ஜாஹிரா பீவியின் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எழுந்த ஜாஹிரா பீவிக்குக் கேட்க ஒன்றுமில்லை. "பொம்பளைங்களுக்கும் அந்தச் சட்டை உண்டா, இல்ல தொவைச்சுப் போடுதது மட்டுமா?" சபை சிரித்தது. புறத்தேர்வாளருக்குத் தூக்கம் போயிற்று. தங்கபுஷ்பம் முகம் மலர்ந்து நாலாம் அத்தியாயத்தைத் திறந்தார்: பிரேசிலில் பச்சை ரவிக்கை போட்ட பெண்கள், இங்கிலாந்தில் கறுப்பு. சுடலைராஜ் எழுந்து, சமூகத்துக்கு என்ன பயன் என்பதை ஒரே மூச்சில் கேட்டு முடித்து, பதிலுக்கு நன்றி என்பதையும் பதில் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"வேறே?"

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தார். எழுந்தேன். மைக்கை வாங்கவில்லை.

"சட்டை வெளியூரிலிருந்து வந்தது, சரி. அதைப் போட்டுக்கொண்ட உடம்பு எந்த ஊர்?"

யாரும் சிரிக்கவில்லை. தங்கபுஷ்பம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார்.

"தெரியல," என்றார். "சட்டை வந்த வழிய ஒன்பது வருஷம் தேடியிருக்கேன். அது வந்து சேர்ந்தப்ப, போட்டுக்கிறதுக்கு உடம்பு தயாரா நின்னுட்டு இருந்ததப் பத்தி ஒரே ஒரு அடிக்குறிப்புதான் எழுதியிருக்கேன். 'அது வெளியிலேருந்து வந்த சரக்கு, எங்க மேல தப்பில்ல'ன்னு ஒருத்தன் சொன்னா, இந்த ஆய்வேட்ட வச்சு அவன மடக்க முடியாது. சொல்லப்போனா, அவனத் தப்பிக்க விட்டிருக்கு."

அவருடைய ஆய்வு நெறியாளர் இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புறத்தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ எழுதினது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"தப்பில்ல சார். பாதி. சட்டை வந்த வழில ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன். வாசல்ல நின்னு கைய நீட்டி வாங்கினவங்க இருக்காங்கள்ல, அவங்கள நான் இன்னும் எழுதல."

புறத்தேர்வாளர் என் பக்கம் திரும்பி, "கேள்வி கொள்ளாம்," என்று மலையாளத்தில் மெச்சினார். தேர்வாளர்கள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வராந்தாவில் எலுமிச்சைச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சுடலைராஜ் என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். "ஏம்வே, மாசக்கணக்கா வாயத் தொறக்க மாட்டீரு. தொறந்தா இப்பிடியா தொறக்கணும்? எங்க அக்கா வேலைல்லா வே போகப்போவுது!" ஜாஹிரா பீவிதான் குறுக்கே வந்தார். "போதும் சுடலை, அவன விடு. போயி வடைய மூடி வையி, ஈ மொய்க்கி." தங்கபுஷ்பம் தள்ளி நின்று, யாரோ ஒரு மாணவியின் துப்பட்டா நுனியை விரலால் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறோம் என்று புறத்தேர்வாளர் அறிவித்தார். "பாதி மட்டும் எழுதினேன் என்று சொன்ன முதல் ஆளை இன்று பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் முழுசா எழுதிவிட்டார்கள்," என்றவர், சாப்பாடு எந்தப் பக்கம் என்று கேட்டார். சுடலைராஜ் அழுதார். அழுதுகொண்டே கேசரி பரிமாறினார். கை கழுவும் இடத்தில் புறத்தேர்வாளர் என் தோளைத் தட்டி, "மோன் எந்த டிபார்ட்மென்ட்?" என்றார்.

"இன்சூரன்ஸ் சார்."

அவருக்குப் புரையேறிவிட்டது.

திரும்பி வரும்போது வேனில் தங்கபுஷ்பத்தின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். "அக்கா, கேள்விய நான் மாத்திக் கேட்டுட்டேனா?" என்றேன்.

"ஒரு எழுத்து மாறல. நல்லா கேட்ட," என்று சொல்லிவிட்டு மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். அவர் வழக்கம்போலக் கொடிகளுக்கு நடுவே இருந்தார். மதுரைக் கூட்டத்தின் சட்டை ஒன்றின் காலரைத் திருப்பி வாசித்தார். அத்தோடு அடுத்ததற்கு நகரவில்லை. கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டு, ஐந்து விரலையும் விரித்து, ஒட்டிக்கிடந்த ஈரத்துணியை உள்ளிருந்து அகட்டினார். சட்டை, யாரோ போட்டிருப்பதைப் போலப் புடைத்து நின்றது. அதைப் பார்த்தபடி அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கீழே சுடலைராஜ், "யக்கா, சாவி!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆவணியில் வேலை உறுதியாயிற்று. சீசன் முடிந்து, கொடிகள் காலியாகி, ஜன்னல் வழியாக மலை தெரிய ஆரம்பித்தது. புரட்டாசியில் ஒருநாள் பாலிசி விஷயமாக ஜாஹிரா பீவி எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"நீ இன்னும் அந்தக் கேள்விய நெனச்சு வெசனப்பட்டுட்டு இருக்கியாமே?"

"அக்கா பதில் வச்சிருந்திருப்பாங்க. நான் திடீர்னு எழுந்ததுல மறந்துருப்பாங்கன்னு…"

"பதிலா? எங்களுக்குக் கேள்விய ஒரு தடவ சொன்னா, பதில ஒம்பது தடவ சொல்லிக் காமிச்சா. ஒன் கேள்விக்கு அவகிட்ட பதிலே கெடையாதுடா. வேண்டாம்ட்டீ, வேலை போயிரும்னு காலப் பிடிக்காத கொறையா நான் கெஞ்சினேன். வெக்கப்படுதவன் கேட்டா யாரும் சிரிக்க மாட்டாவ, அவனே கேக்கட்டும்னுட்டா."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். தேர்வுக்கு முந்தைய வாரம் நெறியாளர் தங்கபுஷ்பத்தைப் போனில் அழைத்திருக்கிறார். தேர்வாளர்களின் அறிக்கை இரண்டும் நன்றாக வந்துவிட்டன, புறத்தேர்வாளர் பெயருக்கு இரண்டு கேள்வி கேட்பார், சிரித்த முகமாக நின்றுவிட்டு வந்தால் போதும், பட்டம் உறுதி என்று சொல்லியிருக்கிறார்.

என்றைக்கு என்று கேட்டேன். புதன்கிழமை சாயங்காலம் என்றார். போனை வைத்துவிட்டு, ஒரு காலரைத் திருப்பி, வாசிக்காமலே விட்டுவிட்டு, ஈரத் துணிகளைக் கையால் விலக்கிக்கொண்டு தங்கபுஷ்பம் என் ஜன்னலுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.